வாஷிங்டன் போட்ட துப்பாக்கிச் சட்டத்தை மாநிலம் மறுக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்சஸ் சிட்டியில் ஸ்டேட் லைன் ரோடு என்றொரு சாலை உண்டு. மேற்கே கான்சஸ் மாநிலம், கிழக்கே மிசௌரி. நான் கான்சஸ் பக்கம் குடியிருந்து மிசௌரிப் பக்கம் வேலைக்குப் போகிறவன். இந்த இரண்டு மாநிலங்களுமே ஃபெடரல் துப்பாக்கிச் சட்டங்களை, அதாவது வாஷிங்டனில் உள்ள மத்திய அரசின் சட்டங்களை, எதிர்த்துத் தனிச் சட்டம் போட்டவை. இரண்டு சட்டங்களும் நீதிமன்றப் படியேறியவை. அதனால் பொங்கல் விழாவானாலும் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தானாலும் பேச்சு எப்படியோ இங்கே வந்து நிற்கும். "மாநிலமே செல்லாதுன்னு சொல்லிடுச்சே, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். பாதி பதில் சொல்வதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள்.

முழுப் பதிலையும் ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். சொந்த விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்காவுல துப்பாக்கிச் சட்டம் யார் கையில இருக்கு? மாநிலமா, வாஷிங்டனா?

இருவர் கையிலும். நாடு முழுவதுக்கும் பொருந்தும் ஃபெடரல் சட்டங்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்துக்குப் போதும். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் மெஷின் கன், சுடும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், குழலைக் குட்டையாக்கிய ரைஃபிள் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும், 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்றது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கி வியாபாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் போன்ற சிலர் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்றது. 1993-இல் வந்த பிரேடி சட்டம், கடையில் வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்கச் சொன்னது. இவற்றை முக்கியமாக அமல்படுத்துவது ஏடிஎஃப் என்ற ஃபெடரல் அமைப்பு.

இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குச் சட்டம் வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் கெடுபிடி அதிகம், எங்கள் பக்கம் மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலே, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும் அரசமைப்பின் இரண்டாவது திருத்தம் இருக்கிறது, 1791-இல் வந்தது. அது தனிமனிதர் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. அந்த உரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று 2010-இல் சொன்னது.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று: கான்சஸ் பக்கம் குடியிருக்கும் நான் சாலையைக் கடந்து மிசௌரிக் கடையில் கைத்துப்பாக்கி வாங்கி அப்படியே எடுத்துவர முடியாது. கான்சஸில் உரிமம் உள்ள ஒரு வியாபாரிக்கு அனுப்பச் சொல்லி, அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும். அது 1968 சட்டம் போட்ட கோடு.

ஃபெடரல் சட்டம்னா நாடு முழுக்கச் செல்லும்தானே? மாநிலம் எப்படி மாட்டேன்னு சொல்லும்?

செல்லும். அமெரிக்க அரசமைப்பின் ஆறாவது பிரிவு, ஃபெடரல் சட்டம்தான் நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. மாநிலச் சட்டம் அதோடு மோதினால் மாநிலச் சட்டம்தான் விழும். ஆனால் சட்டம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, அதை யார் ஓடியாடி அமல்படுத்துவது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதிக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இந்தப் பிரிவினையைத் துப்பாக்கி விஷயத்தில் நிலைநாட்டியது 1997-ஆம் ஆண்டின் பிரின்ட்ஸ் வழக்கு. பிரேடி சட்டம் வந்தபோது நாடு தழுவிய கணினித் தொகுப்பு தயாராகவில்லை. அதுவரை அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் அதிகாரியான ஷெரீபோ காவல்துறைத் தலைவரோ 5 வேலைநாளுக்குள் வாங்குபவரின் பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. மொன்டானாவில் ரவாலி கவுன்டியின் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் போன்றது) ஷெரீப் ஜே பிரின்ட்ஸும், அரிசோனாவில் கிரேம் கவுன்டியின் ஷெரீப் ரிச்சர்ட் மேக்கும் வழக்குப் போட்டார்கள். எங்களைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஊர் மக்கள், சம்பளம் தருவது எங்கள் ஊர், வாஷிங்டன் எங்களை எப்படி வேலை ஏவலாம் என்பது அவர்களுடைய வாதம்.

5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் வென்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா. மாநில அதிகாரிகளை ஃபெடரல் திட்டத்துக்கு வேலையாட்களாக எடுத்துக்கொள்ள வாஷிங்டனுக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். துப்பாக்கி வாங்குபவரைச் சோதிப்பதே தவறு என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போ அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் பின்னணிச் சோதனை நின்னு போச்சா?

இல்லை. 1998 நவம்பரில் எஃப்பிஐ நடத்தும் கணினிச் சோதனை வந்துவிட்டது. கடைக்காரர் நேராக அதனிடம் கேட்கிறார், பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வருகிறது. ஷெரீபின் தயவு தேவைப்படவில்லை. தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து, தன் செலவில் நடத்திக்கொள்ள வாஷிங்டனுக்கு எந்தத் தடையும் இல்லை.

எங்க மாநிலத்துலயே செஞ்சு, எங்க மாநிலத்துக்குள்ளயே வித்தா வாஷிங்டனுக்கு அதுல என்ன வேலை?

இதே கேள்வியைக் கேட்டுத்தான் மொன்டானா 2009-இல் ஒரு சட்டம் போட்டது. ஃபெடரல் அரசு பொருள்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கொண்டுதான். மொன்டானாவில் செய்து, 'மேட் இன் மொன்டானா' என்று முத்திரை குத்தி, மொன்டானாவை விட்டு வெளியே போகாத துப்பாக்கிக்கு அந்த வணிகத்தோடு என்ன தொடர்பு என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். டென்னசி, யூட்டா, வயோமிங், அரிசோனா, ஐடஹோ என்று பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் போட்டன.

நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. காரணம் 1942-இல் வந்த ஒரு கோதுமை வழக்கு. ஒஹாயோ விவசாயி ஒருவர் அளவுக்கு மேல் கோதுமை விதைத்தார். வெளியே விற்பதற்கு இல்லை, என் பண்ணைத் தேவைக்கு என்றார். ஒருவர் செய்தால் சிறிது, எல்லோரும் இப்படிச் செய்தால் நாட்டுச் சந்தையே ஆடும், ஆகவே இதையும் கட்டுப்படுத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2005-இல் கலிஃபோர்னியாவில் மருந்துக்காக வீட்டில் வளர்த்த கஞ்சாவுக்கும் அதையே சொன்னது. மொன்டானாவில் சிறுவர்களுக்கான சிறிய ரைஃபிள் செய்ய விரும்பிய ஒருவர் உரிமம் இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டுப் போட்ட வழக்கில், 9-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (வட்ட நீதிமன்றம் என்பது உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள ஃபெடரல் நீதிமன்றம்) 2013 ஆகஸ்டில் இந்தத் தீர்ப்புகளைக் காட்டி மறுத்துவிட்டது. அந்தக் கோதுமைத் தீர்ப்பு அளவு மீறிப் போய்விட்டது என்பது என் சொந்த எண்ணம். ஆனால் என் எண்ணத்தையோ உங்கள் எண்ணத்தையோ ஏடிஎஃப் கேட்காது.

கான்சஸ்ல ரெண்டு பேர் மாநிலச் சட்டத்தை நம்பி மாட்டிக்கிட்டாங்களாமே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே அந்த வழக்குதான். மொன்டானா வழியில் கான்சஸ் 2013-இல் சட்டம் போட்டது. கான்சஸில் செய்து கான்சஸிலேயே இருக்கும் துப்பாக்கிக்கும் அதன் துணைப்பொருளுக்கும் ஃபெடரல் சட்டம் பொருந்தாது என்றதோடு நிற்கவில்லை; அதை அமல்படுத்த வரும் ஃபெடரல் அதிகாரியே கடுங்குற்றவாளி என்றது. அதே ஆண்டு ஏப்ரலில், ஃபெடரல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர், இந்தச் சட்டம் அரசமைப்புக்கு முரணானது, எங்கள் அதிகாரிகள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்கள் என்று ஆளுநர் சாம் பிரவுன்பேக்குக்குக் கடிதம் எழுதினார். மாநிலம் பின்வாங்கவில்லை.

தென்கிழக்கு கான்சஸில் சனூட் என்ற சிற்றூர். அங்கே ராணுவப் பழைய பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் சைலன்சர் செய்து விற்றார். மாநிலச் சட்டத்தின் நகலையும் கடையிலேயே வைத்திருந்தார். ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய ஒருவர் அவரிடம் 100 டாலருக்கு ஒரு சைலன்சர் வாங்கினார். ஒளிக்கவில்லை, ஃபேஸ்புக்கில் வீடியோவும் போட்டார். ஒளிக்க வேண்டியது எதுவும் தன்னிடம் இல்லை என்று அந்த மனிதர் மனதார நம்பியிருக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2016 நவம்பரில் இருவரும் ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்புதான். கடைக்காரருக்கு இரண்டு ஆண்டு, வாங்கியவருக்கு ஓராண்டு. ஆனால் குற்றம் கடுங்குற்ற வகை. கடுங்குற்றவாளி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது முதல் பதிலில் சொன்ன 1968 சட்டம். துப்பாக்கி உரிமையைக் காப்பாற்றுகிறேன் என்று மாநிலம் போட்ட சட்டத்தை நம்பியவருக்கு அந்த உரிமையே போனது. 10-ஆவது வட்ட நீதிமன்றம் 2018-இல் தண்டனையை உறுதி செய்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

அரசாங்கம் போட்ட சட்டத்தை நம்புறது ஒரு குத்தமா? நம்பினவனைப் போய் தண்டிக்கலாமா?

இதைத்தான் அவர்களும் வாதாடினார்கள். அதிகாரி ஒருவர் இது குற்றமில்லை என்று சொல்லி, அதை நியாயமாக நம்பி ஒருவர் செய்தால், அரசே பிறகு அவர்மேல் வழக்குப் போடக் கூடாது என்ற பாதுகாப்பு அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. ஆனால் அப்படிச் சொன்னவர் அந்தச் சட்டத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பில் இருப்பவராக இருக்க வேண்டும். ஃபெடரல் சட்டத்துக்கு மாநிலச் சட்டமன்றம் விளக்கம் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஹோல்டரின் கடிதம் ஆளுநர் மேசைக்கு வந்தது 2013-இல். ஆபத்து இருக்கிறது என்று மாநிலத் தலைநகரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த எச்சரிக்கையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் கடமை அவர்களுக்கு இருந்தது. தண்டனை கையெழுத்துப் போட்டவர்களுக்கு வரவில்லை, கடையில் 100 டாலர் கொடுத்தவருக்கு வந்தது.

மிசௌரிச் சட்டம் என்ன சொன்னது? இப்போ அது இருக்கா?

மிசௌரி முதலில் 2013-இலேயே முயன்றது. அப்போதைய ஆளுநர் ஜே நிக்சன் மசோதாவை நிராகரித்தார். அவரை மீறி நிறைவேற்ற நடந்த வாக்கெடுப்பு மாநில செனட்டில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. பிறகு 2021 ஜூனில் ஆளுநர் மைக் பார்சன் 'இரண்டாவது திருத்தப் பாதுகாப்புச் சட்ட'த்தில் கையெழுத்திட்டார். கையெழுத்து நடந்ததே ஒரு துப்பாக்கிக் கடையில்தான்.

அது சில வகை ஃபெடரல் சட்டங்களை 'அத்துமீறல்' என்று பெயரிட்டது: துப்பாக்கிக்கு மட்டும் போடும் வரி, பதிவு, உரிமையாளரைப் பின்தொடரும் ஏற்பாடு, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரிடமிருந்து பறிமுதல் போன்றவை. இவை மிசௌரியில் செல்லாது என்றது. இவற்றை அமல்படுத்த எந்த மாநில, ஊர்க் காவலரும் உதவக் கூடாது என்றது. உதவினால் அந்தக் காவல்துறைமேல் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடலாம், ஒவ்வொரு சம்பவத்துக்கும் 50,000 டாலர் அபராதம். அந்தச் சட்டங்களை அமல்படுத்திய பழைய ஃபெடரல் அதிகாரியைக் காவல் வேலையில் சேர்த்தாலும் 50,000.

இதில் ஒரு சிக்கல் பலர் கண்ணில் படவில்லை. 'சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்' யார் என்பதை மாநிலச் சட்டத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள். மனைவியை அடித்துச் சிறுகுற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996 முதல் ஃபெடரல் சட்டம் இருக்கிறது. மிசௌரிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே அப்படிப்பட்டவர் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று ஃபெடரல் அதிகாரிக்குத் தகவல் சொல்லவே உள்ளூர்க் காவலர் யோசிக்க வேண்டிய நிலை. சில காவல்துறைகள் ஏடிஎஃப்போடு சேர்ந்து நடத்திய கூட்டுக் குழுக்களிலிருந்து தங்கள் ஆட்களை விலக்கிக்கொண்டன. செயின்ட் லூயிஸ் பக்கத்து ஓஃபேலன் ஊரின் காவல்துறைத் தலைவர் இந்தச் சட்டத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்.

2022 பிப்ரவரியில் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. 2023 மார்ச்சில் மாவட்ட நீதிபதி பிரையன் வைம்ஸ் முழுச் சட்டத்தையும் செல்லாது என்றார். 2024 ஆகஸ்டில் 8-ஆவது வட்ட நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது.

ஒத்துழைக்க மாட்டேன்னு மாநிலம் சொல்லலாம்னு மேலே சொன்னீங்க. அப்போ மிசௌரி ஏன் தோத்துச்சு?

நல்ல கேள்வி. பிரின்ட்ஸ் பற்றிய பதிலில் இரண்டு கேள்விகளைப் பிரித்தேன் அல்லவா? மிசௌரி அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. எங்கள் காவலர்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாநிலத்தின் உரிமை. அதைச் சொல்லக் காரணம்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தச் சட்டம், ஃபெடரல் சட்டம் செல்லாது, ஆகவே காவலர் உதவக் கூடாது, ஆகவே அபராதம் என்று கட்டப்பட்டிருந்தது. அஸ்திவாரமே செல்லாது என்ற அறிவிப்புதான். உதவியை நிறுத்திவைக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு, ஃபெடரல் சட்டத்தை ரத்து செய்து அந்த வழியாக நிறுத்திவைக்க அதிகாரம் இல்லை என்று 8-ஆவது வட்ட நீதிமன்றம் சொன்னது.

வேறு சில மாநிலங்கள் கவனமாக எழுதிக்கொண்டன. கென்டக்கி 2023-இல் போட்ட சட்டம், எங்கள் காவலரும் எங்கள் பணமும் புதிய ஃபெடரல் துப்பாக்கித் தடைகளுக்குப் போகாது என்ற அளவில் நிற்கிறது. ஏடிஎஃப்பில் மொத்தம் ஏறக்குறைய 5,000 ஊழியர்கள்தான், அதிலும் களத்தில் இறங்கும் அதிகாரிகள் பாதி. உள்ளூர்க் காவலர் கைகட்டி நின்றாலே ஃபெடரல் சட்டம் பல இடங்களில் தளர்ந்துவிடும்.

எங்க கவுன்டி 'சாங்க்சுவரி'ன்னு தீர்மானம் போட்டிருக்கு. அது எங்களைக் காப்பாத்துமா?

காப்பாற்றாது. 'சாங்க்சுவரி' என்றால் புகலிடம்; துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை இங்கே அமல்படுத்த மாட்டோம் என்று ஊர் சொல்லும் தீர்மானம் அது. இந்தப் பெயரைத் துப்பாக்கிக்குப் பரவலாக்கியது இல்லினாயின் எஃபிங்கம் கவுன்டி, 2018-இல். வர்ஜீனியாவில் 2019 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி மாநிலச் சட்டமன்றத்தைப் பிடித்ததும், அங்குள்ள 95 கவுன்டிகளில் 90-க்கும் மேற்பட்டவை இப்படித் தீர்மானம் போட்டன. கவனியுங்கள், அவை பெரும்பாலும் மாநிலச் சட்டத்தை எதிர்த்தவை. அந்த டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங், இவற்றுக்குச் சட்ட பலம் இல்லை என்று கருத்து வெளியிட்டார்.

வாஷிங்டனிடமிருந்து மாநிலத்துக்கு இருக்கும் பாதுகாப்பு, மாநிலத்திடமிருந்து கவுன்டிக்கு இல்லை. கவுன்டி என்பதே மாநிலம் உண்டாக்கிய அமைப்பு. ஆரிகனில் கொலம்பியா கவுன்டி போட்ட விதியை அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது. ஷெரீப் எதில் முனைப்புக் காட்டுவார், எதைக் கண்டுகொள்ள மாட்டார் என்பது ஊருக்கு ஊர் மாறும், அது நிஜம். ஆனால் அதை நம்பித் துப்பாக்கி வாங்காதீர்கள். அடுத்த தேர்தலில் ஷெரீப் மாறலாம்.

குடியேறிகளுக்கு சாங்க்சுவரி சிட்டி சரின்னா இது மட்டும் எப்படித் தப்பாகும்?

தப்பாகாது, ஒரே அளவுகோல்தான். குடியேற்ற அதிகாரிகளுக்கு எங்கள் காவலர் உதவமாட்டார் என்று கலிஃபோர்னியா 2017-இல் சொன்னபோது பிடித்துக்கொண்டது ஷெரீப் பிரின்ட்ஸ் வென்ற தீர்ப்பைத்தான். அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் 2019-இல் 9-ஆவது வட்ட நீதிமன்றத்தில் நின்றன.

இந்தக் கொள்கையின் வேர் இன்னும் பழையது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே வந்தவர்களைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க ஃபெடரல் சட்டம் இருந்தது. அதைச் செய்ய மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1842-இல் பிரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வட மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டு உதவியை நிறுத்தின. ஆனால் 1850-இல் வந்த கடுமையான சட்டம் செல்லவே செல்லாது என்று விஸ்கான்சின் நீதிமன்றம் அறிவித்தபோது, 1859-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. எத்தனை புனிதமான காரணம்! அதற்கே கோடு அந்த இடத்தில்தான் விழுந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, கறுப்பினப் பிள்ளைகள் 9 பேரைப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று அர்கன்சா மாநிலம் அடம்பிடித்தபோது, 1958-இல் விழுந்ததும் அதே கோடு. நமக்குப் பிடித்த காரணத்துக்கு மாநிலம் மறுத்தால் வீரம், பிடிக்காத காரணத்துக்கு மறுத்தால் அராஜகம் என்று பேசுவதை நம் கூட்டங்களில் நிறையக் கேட்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியவன்தான், இந்தத் தீர்ப்புகளைப் படித்த பிறகு முடியவில்லை.

கொலராடோவுல கஞ்சா கடை திறந்து விக்கிறாங்க. ஃபெடரல் சட்டப்படி அது குத்தம்தானே? அங்க மட்டும் எப்படி?

அங்கேயும் ஃபெடரல் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கொலராடோ 2012-இல் செய்தது தன் மாநிலச் சட்டத்தில் இருந்த தடையை எடுத்தது மட்டும். ஃபெடரல் தடை செல்லாது என்று அது சொல்லவில்லை. வாஷிங்டன் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது, விட்டாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று. சட்டவிரோதப் போதைப்பொருளைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் விதி. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே, உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படியானதாக இருந்தாலும் ஃபெடரல் சட்டப்படி குற்றமே என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம்.

மாநிலம் ஒத்துழைக்கலைன்னா வாஷிங்டன் காசை நிறுத்தி வழிக்குக் கொண்டுவர முடியாதா?

ஓரளவு முடியும். மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு சிறு பங்கைப் பிடித்ததை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2012-இல் ஏழைகளுக்கான மருத்துவ நிதி முழுவதையும் நிறுத்துவோம் என்றபோது அது தலையில் துப்பாக்கி வைப்பது போன்றது என்று மறுத்தது. துப்பாக்கி விஷயத்தில் காசைத் தூண்டிலாகத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவோடு துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் ஏற்பாடு போன்றவற்றுக்கு 2022-இல் வந்த ஃபெடரல் சட்டம் ஒன்று 75 கோடி டாலர் ஒதுக்கியது. வேண்டும் என்கிற மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். ஓக்லஹோமா அப்படிப்பட்ட ஏற்பாட்டையே 2020-இல் தடை செய்துவிட்டது.

பம்ப் ஸ்டாக் தடையை உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணுச்சே? அப்போ எதிர்த்தவங்க சொன்னது சரிதானே?

அந்தத் தடையைப் பொறுத்தவரை சரிதான். 2017-இல் லாஸ் வேகஸ் இசை விழாவில் நடந்த படுகொலைக்குப் பிறகு, துப்பாக்கி வேகமாகத் தொடர்ந்து சுட உதவும் பம்ப் ஸ்டாக்கை மெஷின் கன் கணக்கில் சேர்த்து ஏடிஎஃப் தடை செய்தது. சட்டத்தின் சொற்களுக்குள் அது வராது என்று 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது.

அந்த வழக்கைப் போட்டவர் எப்படிப் போட்டார் என்று பாருங்கள். டெக்ஸஸின் ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். தன்னிடம் இருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்கையும் ஆட்சேபத்தோடு ஏடிஎஃப்பிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நீதிமன்றம் போனார். தோற்றிருந்தால் அவருக்கு நஷ்டம் இரண்டு பொருள். சனூட் ஆட்களுக்கு என்ன நேர்ந்தது என்று மேலே படித்தீர்கள். இருவருக்கும் இருந்த கோபம் ஒன்றுதான்.

நம்ம நாட்டுல ஒரு மாநிலம் இப்படிச் செய்ய முடியுமா?

முடியாது, அடிப்படை அமைப்பே வேறு. இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் துப்பாக்கியும் வெடிமருந்தும் ஒன்றியப் பட்டியலில் 5-ஆவது இனம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறும் வகையில்தான் மாநிலம் நடக்க வேண்டும் என்று 256-ஆவது பிரிவு சொல்கிறது. மாநில அதிகாரிகளுக்கு வேலை ஒப்படைக்க 258-ஆவது பிரிவு இடம் தருகிறது, கூடுதல் செலவை ஒன்றிய அரசு தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் தருகிற மாவட்ட ஆட்சியர் மாநில நிர்வாகத்தில் இருப்பவர்தானே. ஷெரீப் பிரின்ட்ஸ் எதை எதிர்த்து வென்றாரோ, அது அங்கே அரசமைப்பிலேயே எழுதி வைத்த ஏற்பாடு.

நான் எச்1பி-ல இருக்கேன். மிசௌரியில விதியே இல்லைங்கறாங்க, துப்பாக்கி வாங்கலாமா? ஃப்ரெண்ட்ஸோட ரேஞ்சுக்குப் போய்ச் சுடலாமா?

எனக்கு வரும் கேள்விகளில் இதற்குத்தான் மிகக் கவனமாகப் பதில் சொல்வேன். தற்காலிக விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெடரல் சட்டம். எச்1பி என்ற வேலை விசாவும் அதில் அடங்கும். சுடும் பயிற்சிக்கூடமான ரேஞ்சில் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் 'வைத்திருப்பது' என்ற கணக்கில் வரும். மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அத்தோடு குடியேற்ற வாழ்க்கையும் முடிந்துபோகலாம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் உதவாது. காரணம் மேலேயே இருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை விலகும். அப்படி உரிமம் எடுத்துவிட்டு ரேஞ்சுக்குப் போகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், தேதியைக் குறித்து வையுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

2026-ல இருந்து சைலன்சருக்கு வரியே இல்லையாமே? அப்போ பதிவும் வேண்டாமா? கான்சஸ் ஆட்கள் சொன்னதுதான் ஜெயிச்சிடுச்சா?

2025-இல் நிறைவேறிய சட்டம் அந்த 200 டாலர் வரியை, சைலன்சருக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. பதிவை எடுக்கவில்லை. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், ஒப்புதல் வரும்வரை காத்திருப்பு எல்லாம் அப்படியே.

ஆனால் இதற்குள் ஒரு கனமான கேள்வி ஒளிந்திருக்கிறது. 1934 சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1937-இல் ஏற்றது, அது வரிச் சட்டம் என்பதால். சனூட் வழக்கிலும் 10-ஆவது வட்ட நீதிமன்றம் வரி விதிக்கும் அதிகாரத்தைத்தான் ஊன்றுகோலாக எடுத்தது. வரியே பூஜ்யம் என்றால் பதிவு எதன் மேல் நிற்கிறது என்று கேட்டு வழக்குகள் தொடரப்பட்டிருக்கின்றன. அரசுத் தரப்புக்கு அந்தக் கோதுமை வழக்கின் வணிக அதிகாரம் இன்னும் கையில் இருக்கிறது. நீதிமன்றம் பதிவு வேண்டாம் என்று சொல்லும் நாள் வரை, பதிவு செய்யாத சைலன்சர் கடுங்குற்றம்தான். அதில் எந்த மாநிலத்தின் முத்திரை குத்தியிருந்தாலும்.